ஜுவான் காம்பர்

ஒவ்வொரு மக்களினமும் தன் பெருமையைப் பேணிக் காப்பதற்குச் சில இடங்களைக் கொண்டுள்ளது. சிலர் அதனைப் பாட்டிலும் கூத்திலும் காப்பர். சிலர் கோயிலிலும் கோட்டையிலும் காப்பர். சிலர் முன்னோர் விட்டுச் சென்ற நூல்களிற் காப்பர். ஸ்பெயின் நாட்டின் ஒரு பகுதியில் வாழும் காட்டலோனியர் என்னும் மக்கள், இவற்றோடு ஒரு கால்பந்தாட்டக் கழகத்திலும் தம் பெருமையை வைத்துக் காத்து வந்துள்ளனர். பார்சிலோனாக் கால்பந்துக் கழகம் என்பது அதன் பெயர்.

அக்கழகத்தைத் தோற்றுவித்தவரும், அதன் முதல் ஆட்டவீரருள் தலைசிறந்து விளங்கியவரும், அது வீழும் நிலையில் இருந்தபோது தாங்கி நிறுத்தியவரும் ஒருவரே. அவர் காட்டலோனியாவிற் பிறந்தவரல்லர். அம்மக்களின் மொழி அவருக்குத் தாய்மொழியுமன்று. மலைநாடாகிய சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர் அவர். ஆயினும் இன்றளவும் அந்நகரத்தார் அவர் பெயரைத் தம் குடும்பத்து முதியவர் ஒருவரின் பெயரைப்போலவே அன்போடு சொல்கின்றனர். அயல்நாட்டிற் பிறந்த ஒருவர் ஒரு மக்களின் பெருமைக்குக் காவலரானது எங்ஙனம்? அதற்காக அவர் செலுத்திய விலை யாது? இவற்றை ஜுவான் காம்பரின் வரலாறு நமக்கு உணர்த்தும்.

நாடும் மொழியும்

காம்பரின் தொண்டினை அறிவதற்கு முன், அவர் சென்று சேர்ந்த நாட்டினை அறிதல் வேண்டும். ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கு மூலையில் அமைந்தது காட்டலோனியா. வடக்கே பைரனீஸ் மலைத்தொடர் மதில்போல் நிற்கின்றது. கிழக்கே மத்தியதரைக் கடல் பரந்து கிடக்கின்றது. கடற்கரையில் அமைந்த பார்சிலோனா அதன் தலைநகர். அம்மக்களின் மொழி காட்டலான் எனப்படும். ஸ்பெயின் முழுமைக்கும் ஆட்சிமொழியாகிய காஸ்டிலியனும் காட்டலானும் இலத்தீன் ஈன்ற உடன்பிறப்புக்கள். ஒன்று மற்றொன்றின் திரிபன்று; காட்டலான் மொழிக்குத் தனி இலக்கணமும் நெடிய இலக்கிய மரபும் உண்டு.

இடைக்காலத்தில் அந்நாட்டினர் கடல்வாணிகத்திற் சிறந்து, தமக்கெனச் சட்டங்களும் மன்றங்களும் உடையவராய் வாழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் அரியணை யாருக்கு உரியது என்பது பற்றிப் பெரும்போர் மூண்டது. 1714-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11-ஆம் நாள், ஐந்தாம் பிலிப்பு மன்னரின் படைக்குப் பார்சிலோனா நகரம் வீழ்ந்தது. அதன்பின் காட்டலோனியாவின் பழைய மன்றங்கள் கலைக்கப்பட்டன. ஆட்சித்துறையிற் காஸ்டிலியன் மொழி இடம்பெற்றது. எனினும் வீட்டிலும் வயலிலும் கடைத்தெருவிலும் காட்டலான் வழங்கியே வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறத் தொடங்கிற்று. பஞ்சாலைகள் பெருகின, பார்சிலோனா தொழில்வளம் மிக்க நகரமாயிற்று. புலவர்கள் மீண்டும் காட்டலான் மொழியிற் பாடினர். 1859-ஆம் ஆண்டில் பழைய கவிதைப் போட்டி விழா மறுபடியும் தொடங்கப்பெற்றது. உறங்கிய மொழி விழித்தெழுந்த அக்காலத்தில், ஓர் இளைஞர் அந்நகரத்திற்கு வந்து சேர்ந்தார்.

பிறப்பும் இளமையும்

சுவிட்சர்லாந்திலுள்ள விண்டர்தூர் என்னும் ஊரில், 1877-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹான்ஸ் என்பது. இளமையிலேயே அன்னையை எலும்புருக்கி நோய்க்குப் பறிகொடுத்தார். பின்னர் அவர் குடும்பம் ஜூரிக் நகரத்திற் குடியேறியது.

தாயற்ற அச்சிறுவருக்கு விளையாட்டே பெருந்துணையாயிற்று. ஓட்டம், மிதிவண்டிப் பந்தயம், டென்னிஸ், ரக்பி எனப் பல ஆட்டங்களில் அவர் தேர்ச்சி பெற்றார். எனினும் அவர் உள்ளத்தை முழுமையாகக் கவர்ந்தது கால்பந்தாட்டமே. 1896-ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதும் நிரம்பாத நிலையில், ஜூரிக் கால்பந்துக் கழகம் தோன்றுவதற்குத் துணைநின்றோருள் ஒருவரானார். பேசல் நகரத்துக் குழுவிலும் ஆடினார். ஆடுவதோடு அமையாமல், ஆடுவோரை ஒன்றுசேர்க்கும் திறனும் அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்தது.

1898-ஆம் ஆண்டில் அவர் பார்சிலோனாவுக்கு வந்தார். அங்குத் தங்குவது அவர் நோக்கமன்று. ஆப்பிரிக்காவிற்குச் சென்று சர்க்கரை வாணிகத்தில் ஈடுபட எண்ணியவர், வழியில் அந்நகரத்தில் வாழ்ந்த தம் மாமனைக் கண்டு செல்ல வந்தார். ஆனால் கடலும் மலையும் சூழ்ந்த அந்நகரம் அவரைப் போகவிடவில்லை. ஒரு பிரெஞ்சு வங்கியிற் கணக்கராகவும், பின்னர் ஓர் இருப்புப்பாதை நிறுவனத்திலும் பணியாற்றினார். வந்த சில காலத்திற்குள்ளாகவே காட்டலான் மொழியைக் கற்கத் தொடங்கினார். வாணிகம் செய்வதற்குக் காஸ்டிலியன் ஒன்றே போதும் என்று அமைந்த அயல்நாட்டார் பலர். காம்பரோ அயலவர்க்குக் கட்டாயமில்லாத மொழியைத் தாமே விரும்பிக் கற்றார். அவருக்கும் அம்மக்களுக்கும் இடையே அமைந்த முதற் பாலம் அதுவே எனலாம்.

கழகத்தின் தோற்றம்

அந்நாளில் ஸ்பெயினிற் கால்பந்தாட்டம் புதியது. துறைமுகங்களிலும் தொழிற்கூடங்களிலும் பணிபுரிந்த ஆங்கிலேயர் சிலரே அதனை ஆடி வந்தனர். தெருவிற் செல்வோர் நின்று வியப்போடு நோக்குவர். வளர்ந்த ஆடவர் ஒரு பந்தின்பின் ஓடுவதைக் கண்டு நகைப்பவரும் இருந்தனர். காம்பர் தம் நண்பர்களோடு திறந்த வெளியில் ஆடி மகிழ்ந்தார். எனினும் ஒழுங்கான கழகம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அவரை விடவில்லை.

1899-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22-ஆம் நாள், விளையாட்டு இதழொன்றில் அவர் ஒரு சிறு அறிவிப்பை வெளியிட்டார். கால்பந்தாட்டத்தில் விருப்பமுடையோர் இதழின் அலுவலகத்திற்கு வருக என்பதே அதன் கருத்து. சில வரிகளே கொண்ட அவ்வறிவிப்பு, பின்னர் ஒரு நகரத்தின் வரலாற்றில் இடம்பெற்றது. நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள், சோலே உடற்பயிற்சிக் கூடத்திற் சிலர் கூடினர். பார்சிலோனாக் கால்பந்துக் கழகம் அன்று பிறந்தது.

அக்கூட்டத்திற்கு வந்தோர் ஒரே நாட்டினரல்லர். சுவிட்சர்லாந்தினரும் ஆங்கிலேயரும் காட்டலோனியரும் அருகருகே அமர்ந்தனர். காட்டலோனியர் மட்டுமே சேரலாம் என்று விதி வகுத்த வேறொரு குழுவும் அக்காலத்தில் அந்நகரில் இருந்தது. காம்பர் அமைத்த கழகமோ, ஆட விரும்பிய எவருக்கும் வாயிலைத் திறந்து வைத்தது. பின்னாளிற் காட்டலோனியரின் பெருமைக்கு இருப்பிடமாகப் போகும் கழகம், பல நாட்டினர் கைகோத்து அமைத்த கழகம் என்பதை நாம் மறத்தலாகாது.

கழகத்தைத் தொடங்கியவர் காம்பரே எனினும், தலைமைப் பதவியை அவர் ஏற்கவில்லை. வால்ட்டர் வைல்டு என்பவர் முதல் தலைவரானார். களத்தில் ஆடும் குழுவை நடத்தும் பொறுப்பே காம்பருக்கு உவப்பாயிருந்தது. டிசம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் நடைபெற்ற முதல் ஆட்டத்தில், அந்நகரத்து ஆங்கிலேயர் குழுவிடம் ஒரு கோலால் அவர்கள் தோற்றனர். தோல்வியோடு தொடங்கியும் அவர்கள் சோர்ந்தாரல்லர்.

ஆட்டக்களத்திற் காம்பர்

1899 முதல் 1903 வரை காம்பர் களத்தில் இறங்கி ஆடினார். விரைவும், உடல் உரமும், பந்தைக் குறி தவறாது உதைக்கும் திறமும் ஒருங்கே அமைந்தவர் அவர். ஐம்பதையொட்டிய ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் நூற்றுக்கு மேற்பட்டன. அந்நாளைய ஆட்டங்கள் இந்நாளைப்போல் இறுக்கமான முறையில் அமைந்தவையல்ல. எனினும் ஓர் ஆட்டத்திற்கு இரண்டு கோல் என்னும் அளவு எக்காலத்தும் வியத்தற்குரியதே.

1902-ஆம் ஆண்டில் அக்கழகம் மக்காயாக் கோப்பையை வென்றது. அவ்வாண்டிலேயே மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டித் தலைநகராகிய மாட்ரிட்டில் நடந்த போட்டியின் இறுதியாட்டம் வரை சென்று, பில்பாவோ நகரத்துக் குழுவிடம் தோற்றது. சிறுவர்கள் தெருக்களிற் காம்பரைப்போல் பந்துதைக்கப் பழகினர். நகைத்து நோக்கியவர்கள் இப்போது விரும்பி நோக்கினர். ஆங்கிலேயரின் ஆட்டமாக வந்தது, மெல்ல மெல்லப் பார்சிலோனாவின் ஆட்டமாயிற்று.

வீழ்ந்த கழகத்தை எடுத்து நிறுத்தல்

காம்பர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னர்க் கழகம் தளர்ந்தது. ஆட்டவீரர் சிலர் பிரிந்து சென்றனர், பொருள் வற்றியது, உறுப்பினர் தொகை நாற்பதிற்கும் கீழாகக் குறைந்தது. 1908-ஆம் ஆண்டின் இறுதியிற் கழகத்தைக் கலைத்துவிடலாம் என்று கூடப் பேசப்பட்டது. டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் கூடிய கூட்டத்திற் காம்பர் எழுந்தார்; கழகம் சாகலாகாது என உறுதிபூண்டு, தலைமைப் பொறுப்பை ஏற்றார். தாம் ஈன்ற குழவியைத் தாமே நோயினின்று மீட்ட தாய்போல் அவர் செயற்பட்டார். அன்று முதல் 1925 வரை, இடையிடையே விலகியும் மீண்டும் ஏற்றும், ஐந்து முறை அவர் கழகத் தலைவராக விளங்கினார்.

ஒவ்வொருவர் இல்லத்திற்கும் ஒவ்வொரு வாணிக நிலையத்திற்கும் சென்று அவர் ஆதரவு தேடினார். 1909-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், கழகத்திற்குச் சொந்தமான முதல் ஆட்டக்களம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறாயிரவர் அமர்ந்தும் நின்றும் காணத்தக்க அக்களம் விரைவில் இடம் போதாததாயிற்று. இடம் கிடைக்காதோர் சுற்றுமதிலின் மேலேறி வரிசையாக அமர்ந்தனர். வெளியே தெருவிற் செல்வோருக்கு அவர்தம் பின்புறம் மட்டுமே தெரிந்தது. அதனைக் கண்டு நகையாடி இட்ட பெயர் ஒன்று அக்கழகத்தின் அன்பர்களுக்கு இன்றும் வழங்குகின்றது. ஏளனப் பெயரையே பெருமைப் பெயராக அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

1910-ஆம் ஆண்டிற் கழகத்திற்குப் புதிய இலச்சினை வேண்டுமென ஒரு போட்டி வைக்கப்பட்டது. ஆட்டவீரராகவும் மருத்துவ மாணவராகவும் இருந்த கார்லெசு கொமமாலா வரைந்தது தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் மேற்பகுதியில் ஒரு பக்கம், காட்டலோனியரின் காவற் புனிதராகிய சாந்து ஜோர்டியின் சிலுவை. மறுபக்கம், காட்டலோனியக் கொடியின் பொன்னிறமும் செந்நிறக் கோடுகளும். கீழே கழகத்தின் நீலமும் கருஞ்சிவப்பும், நடுவே ஒரு பந்தும் அமைந்தன. நாட்டின் அடையாளமும் ஆட்டத்தின் அடையாளமும் ஒரே கேடயத்தில் இணைந்தன. அவ்விலச்சினையைத் தாங்கிய கழகத்தைத் தோற்றுவித்தவர் சுவிட்சர்லாந்திற் பிறந்த காம்பரே.

பெயரும் மொழியும்

காம்பர் தம் பெயரையும் காட்டலான் முறைப்படி மாற்றிக்கொண்டார். யோவான் என்னும் பழம்பெயரே ஜெர்மன் மொழியில் ஹான்ஸ் எனவும், காட்டலானில் ஜுவான் எனவும் வழங்கும். ஹான்ஸ் காம்பராக வந்தவர் ஜுவான் காம்பரானார். இதனால் அவர் தம் பிறந்த நாட்டை வெறுத்தார் என்பதன்று. மணமகள் புகுந்த வீட்டின் வழக்கத்தை ஏற்பினும் பிறந்த வீட்டை மறவாதது போல, இரண்டு மண்ணிலும் அவர் அன்பு நிலைத்திருந்தது. சுவிட்சர்லாந்தினரான எம்மா பில்லூ என்னும் நங்கையே அவர்தம் வாழ்க்கைத் துணைவியார்.

காம்பரின் தலைமையிற் கழகம் காட்டலான் மொழியைத் தன் நடவடிக்கைகளில் வழங்கியது. காட்டலோனியாவுக்குத் தன்னாட்சி வேண்டுமென 1918-ஆம் ஆண்டில் எழுந்த கோரிக்கைக்கும் கழகம் ஆதரவு தெரிவித்தது. விளையாட்டுக் கழகம் ஒன்று நாட்டின் பொதுவாழ்விற் பங்குகொள்வதை அன்று பலர் புதுமையாகக் கண்டனர். ஆனால் தம்மைச் சூழ்ந்த மக்களின் இன்பதுன்பங்களில் ஒட்டாமல் நிற்கும் கழகம் வேரற்ற மரம் போன்றது என்பதே காம்பரின் கருத்தாயிருந்தது. அவர் செயல்கள் அதனைக் காட்டுகின்றன.

வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் பிறப்பிடம் பாராதவர். பிலிப்பைன்ஸ் தீவுகளிற் பிறந்த பவுலீனோ அல்காந்தாரா, 1912-ஆம் ஆண்டில், பதினைந்து வயதிலேயே கழகத்திற்காக ஆடத் தொடங்கினார். அவர் அடித்த கோல்களின் தொகையை இருபத்தோராம் நூற்றாண்டு வரை அக்கழகத்தில் எவரும் விஞ்சவில்லை. ஆங்கிலேயரான கிரீன்வெல் பயிற்சியாளரானார். பார்சிலோனாவிற் பிறந்த ஜோசப் சமித்தியேர், புகழ்பெற்ற கோல்காப்பாளர் ரிக்கார்டோ சமோரா ஆகியோரும் அக்குழுவில் ஒளிவீசினர். மண்ணின் மைந்தரும் கடல்கடந்து வந்தோரும் ஒரே நிறச் சட்டையணிந்து ஆடினர்.

உறுப்பினர் பல்லாயிரவராயினர். பழைய களம் கொள்ளாது போகவே, 1922-ஆம் ஆண்டு மே திங்கள் 20-ஆம் நாள் லெஸ் கோர்ட்ஸ் என்னும் பெரிய ஆட்டக்களம் திறக்கப்பட்டது. இருபதாயிரவருக்கு மேற்பட்டோர் அங்குக் கூடினர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மாளும் நிலையில் இருந்த கழகம், நகரத்தின் நெஞ்சில் இடம்பெற்றுவிட்டது.

சோதனைக் காலம்

1923-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களிற் படைத்தலைவர் பிரிமோ தெ ரிவேரா ஸ்பெயினின் ஆட்சியைக் கைப்பற்றிச் சர்வாதிகாரியானார். காட்டலோனியக் கொடியைப் பொதுவிடங்களில் ஏற்றுதல் தடுக்கப்பட்டது. அம்மொழிக்கும் பல தடைகள் விதிக்கப்பட்டன. கூட்டம் கூடவும் உள்ளத்திலுள்ளதை உரைக்கவும் வழியில்லாத மக்களுக்கு, ஞாயிறுதோறும் ஆயிரக்கணக்கானோர் ஒன்றுசேரும் ஆட்டக்களம் ஒன்றே எஞ்சிற்று. அங்கு அருகில் இருப்போரிடம் தம் மொழியிற் பேசலாம். தம் கழகத்தின் நிறங்களைக் கண்டு களிக்கலாம். அவ்வகையில் ஆட்டக்களம் ஒரு பொதுமன்றமாகவும் விளங்கியது.

1925-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 14-ஆம் நாள் லெஸ் கோர்ட்ஸ் களத்தில் ஓர் ஆட்டம் நடந்தது. காட்டலோனியரின் புகழ்பெற்ற பாடகர் குழுவாகிய ஓர்பெயோ காட்டலாவுக்குச் சிறப்புச் செய்யும் பொருட்டு அது ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. துறைமுகத்திற்கு வந்திருந்த ஆங்கிலக் கப்பற்படையின் பாண்டு வாத்தியக் குழு இசைக்க அழைக்கப்பட்டது. அக்குழுவினர் நாட்டின் நிலைமையை அறியார். முறைமைப்படி ஸ்பெயினின் நாட்டுப்பண்ணை முழக்கினர். உடனே களம் முழுவதும் சீழ்க்கையொலி எழுந்தது. திகைத்த ஆங்கிலேயர் அதனை நிறுத்திவிட்டுத் தம் நாட்டுப்பண்ணை இசைக்க, கூட்டத்தினர் கைதட்டி ஆரவாரித்தனர்.

மக்கள் சீழ்க்கையடித்தது ஸ்பெயின் மக்களை இகழ்வதற்கன்று. தம் வாயை அடைத்த ஆட்சிக்குத் தாம் காட்டக்கூடிய ஒரே மறுப்பாக அதனைக் காட்டினர். ஆயினும் ஆட்சியாளர் சினங்கொண்டனர். கழகம் ஆறு திங்கள் மூடப்படவேண்டுமென ஆணை பிறந்தது. பின்னர் அது மூன்று திங்களாகக் குறைக்கப்பட்டது. தலைவராக இருந்த காம்பர் பதவி துறந்து நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. சீழ்க்கையடித்தோர் ஆயிரக்கணக்கானோர், அதன் பழியை ஏற்றவர் அவர் ஒருவரே. இருபத்தேழு ஆண்டுகள் தம் ஊராகக் கொண்டு வாழ்ந்த நகரத்தைப் பிரிந்து, பிறந்த நாடாகிய சுவிட்சர்லாந்திற்கு அவர் திரும்பினார். பிறந்த மண்ணிற்குச் செல்வதே அவருக்கு நாடு கடத்தலாயிற்று.

இறுதி நாட்கள்

சில காலத்திற்குப் பின் பார்சிலோனாவுக்குத் திரும்ப அவருக்கு இசைவு கிடைத்தது. ஆனால் கழகத்தோடு எத்தொடர்பும் கொள்ளலாகாது என்னும் விதி உடன் வந்தது. தாம் நட்டு நீர் வார்த்த மரத்தின் நிழலில் அமரும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. ஸ்பெயின் முழுமைக்குமான முதல் தொடர்ப்போட்டி 1929-ஆம் ஆண்டிற் தொடங்கி நடந்தபோது, வாகை சூடியது பார்சிலோனாக் கழகமே. அவ்வெற்றியைத் தலைவராக இருந்து கொண்டாடும் பேறு அதன் தந்தைக்கு இல்லாதொழிந்தது.

அவ்வாண்டின் இறுதியில் உலகெங்கும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. காம்பர் வாணிகத்தில் ஈட்டிய பொருள் கரைந்தது. பிரிவின் வருத்தத்தோடு பொருளிழப்பும் சேர, மனச்சோர்வு என்னும் கொடுநோய் அவரைப் பற்றியது. 1930-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள், தமது ஐம்பத்திரண்டாம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பல்லாயிரவரை ஒன்றுகூட்டிய ஒருவர் தம் துயரில் தனித்துப் போனார் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி. மனத்தின் நோயும் உடலின் நோயைப் போன்றதே. மருந்தும் துணையும் கொண்டு அதனை ஆற்றலாம். அந்நோயுற்றார் தம் துயரை நம்பிக்கைக்குரியவரிடம் சொல்லவும், சுற்றத்தார் அவரைத் தனியே விடாது காக்கவும் வேண்டும்.

அவருக்கு இறுதி மரியாதை செலுத்த நகரத்து மக்கள் திரளாகக் கூடினர். களத்தில் அவர் ஆடக் கண்ட முதியோரும், அவர் பெயரைக் கேட்டு வளர்ந்த இளையோரும் உடன் சென்றனர். பார்சிலோனாவிலுள்ள மோன்ஜூயிக் குன்றின் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. அயல்நாட்டாராய் வந்தவர் அம்மண்ணிலேயே துயில் கொண்டார்.

அழியாத நினைவு

காம்பர் மறைந்த பின்னர்க் காட்டலோனியர்க்கு அதனினும் கொடிய காலம் வந்தது. 1936 முதல் 1939 வரை ஸ்பெயினில் உள்நாட்டுப்போர் நடந்தது. போரின் தொடக்கத்திலேயே கழகத்தின் அந்நாளைய தலைவர் ஜோசப் சுன்யோல், பிராங்கோவின் படையினராற் கொல்லப்பட்டார். வென்ற பிராங்கோ, பள்ளியிலும் அலுவலகத்திலும் காட்டலான் மொழியை விலக்கினார். கழகத்தின் பெயர் காஸ்டிலியன் முறைக்கு மாற்றப்பட்டது. இலச்சினையிலிருந்த செந்நிறக் கோடுகள் நான்கும் இரண்டாகக் குறைக்கப்பட்டன. கேடயத்திலுள்ள கோடுகளையும் எண்ணிக் குறைக்கும் அளவிற்கு ஆட்சியாளர் அஞ்சினர் என்றால், காம்பர் நட்ட வித்து எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது புலனாகும். அக்கோடுகள் 1949-ஆம் ஆண்டில் மீண்டும் நான்காயின.

1973-ஆம் ஆண்டில் மற்றோர் அயல்நாட்டு வீரர் அக்கழகத்திற்கு வந்தார். அவர் ஆலந்து நாட்டைச் சார்ந்த ஜோகான் கிரைஃப். அவர் பெயரும் யோவான் என்னும் அப்பழம்பெயரின் வேறு வடிவமே! 1974-ஆம் ஆண்டிற் பிறந்த தம் மைந்தனுக்குக் காட்டலோனியரின் காவற் புனிதர் பெயராகிய ஜோர்டி என்பதையே அவர் இட்டார். காஸ்டிலியன் வடிவமே எழுதப்படவேண்டும் என அலுவலர் தடுத்தும், தம் நாட்டிற் பதிந்த அப்பெயரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. காம்பர் தம் பெயரால் செய்ததைக் கிரைஃப் தம் மகன் பெயரால் செய்தார் எனலாம். 1975-ஆம் ஆண்டிற் பிராங்கோ இறந்தார். 1979-ஆம் ஆண்டிற் காட்டலோனியா தன்னாட்சி பெற்றது. காட்டலான் மொழி பள்ளிக்கூடத்தினுள் மீண்டும் புகுந்தது.

1966-ஆம் ஆண்டு முதல், ஆட்டக் காலத்தின் தொடக்கத்தில் ஜுவான் காம்பர்க் கோப்பைப் போட்டியைக் கழகம் நடத்தி வருகின்றது. அயல்நாட்டுக் குழுக்களையும் அழைத்து விருந்தோம்பும் போட்டி அது. வேற்று நாட்டினரை வரவேற்ற காம்பருக்கு ஏற்ற நினைவன்றோ! 2021-ஆம் ஆண்டு முதல் மகளிர் குழுவினரும் அவர் பெயராற் கோப்பைக்கு ஆடுகின்றனர். 2006-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கழகத்தின் பயிற்சிக்களமும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

வாழ்வு உணர்த்தும் உண்மை

மாணவர்களே! ஓர் ஊருக்கு ஒருவர் உரியவராவது பிறப்பினால் மட்டும் அன்று. அவ்வூர் மக்களின் மொழியை மதித்துக் கற்று, அவர்தம் இன்பத்திலும் துன்பத்திலும் பங்குகொண்டு, பயன் கருதாது உழைப்பவரும் அவ்வூருக்கு உரியவரே. காம்பர் அங்ஙனம் உரியவரானார். தம் மொழிப்பற்றுக் குறையாமலே அயலவரை ஏற்றுக்கொண்ட காட்டலோனியரின் பண்பும் போற்றத்தக்கது.

தன் மொழியைப் போற்றுதல் பிறர் மொழியைப் பழித்தலாகாது. தன் குழுவை விரும்புதல் எதிர்க்குழுவைப் பகைத்தலாகாது. பல நாட்டினர் அமைத்த கழகம் ஒரு மக்களின் பெருமையைக் காத்தது என்னும் உண்மையைக் காம்பரின் வரலாற்றிற் காண்கின்றோம். நாம் வாழும் இடத்திற்கும் நம்மைச் சூழ்ந்த மக்களுக்கும் நம்மால் இயன்ற நன்மையைச் செய்வோமாக! புதிதாக வருவோரையும் நம்முள் ஒருவராக்கிக் கொள்வோமாக!